மனச்சுமையைப் பிறரிடம் சொல்லி ஆலோசனை கேட்பது புறம் பேசுவதாகுமா?

 

கப்பலூரிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மதுரையிலிருந்து திருமங்கலம் போகிறவர்களுக்கு அந்த ஊரைத் தெரியாமல் இருக்காது. தியாகராஜர் மில்லும் சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ள ஊர். நான்கு வழிச் சாலையின் சுங்கச்சாவடியால் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் ஊர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டோம்.

கடிதத்தின் சாரம் இதுதான். கணவர் சவூதியில் வேலை செய்கிறார். மூன்று வருடமாக ஊர் வரவில்லை. வீட்டில் மாமியும் இந்தச் சகோதரியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆறு மாதமாகச் சரியான உறக்கம் இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதே கண்ணீர் வருகிறது. பிள்ளைகளை அடித்துவிட்டுப் பின்பு வருந்துகிறார். இரவு கணவர் போனில் பேசும்போது சொல்லலாம் என்று வாயெடுத்தால் அது பணப்பேச்சாகி, பணப்பேச்சு சண்டையாகி முடிகிறது. ஒருநாள் மகனின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு தாளில் 14416 என்ற எண்ணைப் பார்த்துப் பேசியிருக்கிறார். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாராம். அன்றைக்குத்தான் நெடுநாளைக்குப் பின் நன்றாக உறங்கினாராம். மாமிக்கு இது தெரிந்தபோது, “வீட்டு மானத்தை முகம் தெரியாதவளிடம் கொட்டிவிட்டாய், புருஷனைப் பற்றிப் புறம் பேசிவிட்டாய், தொழுகையும் திக்ரும் போதவில்லையா உனக்கு?” என்று கேட்டிருக்கிறார். “நான் பாவம் செய்துவிட்டேனா, ஹஜ்ரத்?” என்று முடிகிறது கடிதம்.

ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம்: இல்லை, நீங்கள் பாவம் செய்யவில்லை. ஆனால் அந்த மாமி கேட்ட மூன்றும் நம் வீடுகளில் பெரும்பாலோர் கேட்கக்கூடியவைதாம். எனவே கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம்.

முதலில் புறம் பேசுவது பற்றி. ஒருவர் இல்லாத இடத்தில் அவர் வெறுக்கக்கூடியதை, அது உண்மையாகவே இருந்தாலும், எடுத்துச் சொல்வது கீபத். திருமறையின் 49-வது அத்தியாயம் அதை எவ்வளவு அருவருப்பான செயலுக்கு ஒப்பிடுகிறது என்பதை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தப் பயம் நல்ல பயம். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி வாயடைக்கக் கூடாத இடங்களும் உண்டென்பதை அதே மேடைகளில் நாம் அவ்வளவாகக் கேட்டதில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் ஆறு இடங்களை எண்ணிக் காட்டுகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதும், ஒரு தீங்கைத் திருத்த உதவி தேடுவதும், மார்க்கத் தீர்ப்புக் கேட்பதும் அந்த ஆறில் அடங்கும்.

தீர்ப்புக் கேட்பதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் ஒரு குடும்பத் தகராறுதான். அபூசுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் கைச்சிக்கனம் மிகுந்தவர் என்றும், தமக்கும் பிள்ளைக்கும் போதுமான அளவு தருவதில்லை என்றும், அவருக்குத் தெரியாமல் எடுத்தால்தான் உண்டென்றும் சொன்னார்கள். கணவரின் பெயர் சொல்லி, குறை சொல்லி, வீட்டுப் பணப்பேச்சு பேசிய பெண்மணி அவர். ‘புறம் பேசாதே’ என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. உனக்கும் உன் பிள்ளைக்கும் நியாயமான அளவில் போதுமானதை எடுத்துக்கொள் என்று வழி சொன்னார்கள். இது தீர்ப்பா, ஃபத்வாவா என்று ஃபிக்ஹு அறிஞர்கள் நெடுக விவாதித்திருக்கிறார்கள். அந்த விவாதம் நமக்கு இப்போது தேவையில்லை. ஒரு மனைவி தன் வீட்டுக் கஷ்டத்தை, அதைத் தீர்க்கக்கூடியவரிடம், தீர்க்கும் நோக்கத்தோடு சொல்வது குற்றமாக்கப்படவில்லை என்பதே நமக்குத் தேவை.

இன்னொரு பெண்மணிக்கோ திருமறையில் ஒரு அத்தியாயமே இறங்கிற்று. 58-வது அத்தியாயத்தின் பெயரே ‘அல்முஜாதலா’. வாதாடிய பெண் என்று பொருள். கணவர் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லால் வாழ்வு அந்தரத்தில் நின்றபோது கவ்லா (ரலி) அவர்கள் அண்ணலாரிடம் வந்து முறையிட்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அந்த நிகழ்ச்சியைப் பிற்பாடு நினைவுகூரும்போது, தாம் அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்தும் அந்தப் பெண் பேசியதில் சில தம் காதில் விழவில்லை என்கிறார்கள். இந்தச் சிறு குறிப்பை யோசித்துப் பாருங்கள். ஓர் அறை மட்டும் உள்ள வீடு. அதிலும் வந்தவர் தம் கஷ்டத்தைத் தணிந்த குரலில் சொல்ல இடம் கிடைத்தது. நம் மஹல்லாக்களில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

இதைக் கேட்காமல் மேலே போக எனக்கு மனமில்லை. குடும்பப் பிரச்னை என்று ஒரு பெண் ஜமாஅத்துக்கு மனுக் கொடுத்தால் என்ன நடக்கிறது? நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர், பத்துப் பேர் ஆண்கள். இந்தப் பக்கம் அவளும் அவளுடைய அத்தாவும். ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிறவர்கள். அஸருக்குப் பின் அவள் சொன்னது மஃரிபுக்குள் டீக்கடைக்கு வந்துவிடுகிறது. எல்லா ஊரிலும் இப்படியென்று சொல்லவில்லை. நேர்மையான முத்தவல்லிகளை நான் அறிவேன். இரவோடு இரவாகப் போய்க் கணவன் மனைவியைச் சேர்த்துவைத்துவிட்டுச் சப்தமில்லாமல் திரும்பி வந்தவர்களும் உண்டு. ஆனால் கப்பலூர்ச் சகோதரி முகம் தெரியாத ஒரு பெண்ணைத் தேடிப் போனாரென்றால், முகம் தெரிந்தவர்களிடம் சொல்ல அஞ்சினார் என்றுதானே பொருள்? ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டு இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாராயின் அந்தப் பேச்சு அமானத் ஆகிவிடுகிறது என்று ஹதீஸ் இருக்கிறது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று வாயால் கேட்க வேண்டியதில்லை. அக்கம்பக்கம் பார்த்த பார்வையே போதும். ஆலோசனை கேட்கப்படுகிறவர் நம்பிக்கைக்குப் பாத்திரமாக்கப்பட்டவர் என்பதும் நபிமொழியே. இந்த இரண்டையும் எத்தனை ஜமாஅத் அலுவலகங்கள் கடைப்பிடிக்கின்றன?

இனி, அந்தச் சகோதரி பேசிய எண் என்னவென்று பார்ப்போம். வயதானவர்கள் இதை ஏதோ வியாபாரக் கம்பெனி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அரசாங்கத்தின் சேவை. ‘டெலி மானஸ்’ என்ற பெயரில் 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் எனும் தேசிய மனநல நிறுவனம் இதற்குத் தலைமை மையமாக இருந்து வழிநடத்துகிறது. தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது. (கப்பலூர்க்காரர்களுக்குச் சுங்கம் இல்லாத ஒரு வழியாவது கிடைத்ததே என்று சந்தோஷப்படலாம்.) முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். அவருடைய அளவுக்கு மேற்பட்டதாக இருந்தால் மனநல நிபுணரிடமோ மனநல மருத்துவரிடமோ இணைப்பார்கள். நேரில் காட்ட வேண்டியதாக இருந்தால் அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள். மதுரையைச் சுற்றியுள்ளவர்களுக்கு அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2024 அக்டோபரில் இதே சேவைக்குக் கைபேசிச் செயலியும் வந்தது.

போனில் மனக்கஷ்டத்தைக் கேட்பது இன்று பிறந்த வழக்கமுமன்று. 1953-ல் லண்டனில் ஒரு பாதிரியார் தம் ஆலயத்து டெலிபோனை இதற்கென்று திறந்துவைத்தார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. இலங்கையில் சுமித்ரயோ 1974-லும், சென்னையில் சினேகா 1986-லும் தொடங்கின. சினேகாவின் எண் 044-24640050. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர்களுக்குச் செவி கொடுப்பதே அதன் பணி.

“முஸ்லிமல்லாதவரிடம் நம் வீட்டு விஷயத்தைச் சொல்லலாமா?” என்றும் சிலர் கேட்பார்கள். ஹிஜ்ரத் பயணத்தை எண்ணிப் பாருங்கள். நாயகத்தைப் பிடித்துத் தருகிறவருக்கு நூறு ஒட்டகம் பரிசென்று குறைஷியர் அறிவித்திருந்த நேரம். ஸவ்ர் குகை எங்கே, புறப்படும் நாள் எது, எந்த வழியாக என்பதெல்லாம் உயிர் போகும் ரகசியம். அந்த ரகசியத்தோடு இரண்டு ஒட்டகங்களையும் ஒப்படைத்தது அப்துல்லாஹ் இப்னு உரைகித்திடம். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றவரல்லர். குறைஷியரின் மார்க்கத்திலேயே இருந்தவர். வழியறிந்தவர், சொன்ன சொல் காப்பவர் என்பதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆலோசகரிடமும் நாம் பார்க்க வேண்டியது அவ்விரண்டும்தான்: வழி தெரிந்தவரா, வாய் காப்பவரா?

வாய் காப்பதைப் பொறுத்தவரை சட்டமும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கப்படும் உரிமையை அவருக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற சில நிலைமைகளில் மட்டும் விலக்கு உண்டு. இந்தச் சட்டம் அரசாங்க எண்ணுக்கு மட்டுமின்றி, பணம் வாங்கிக்கொண்டு காணொளியில் பார்க்கும் மனநல மருத்துவர்களையும் கட்டுப்படுத்தும். மேலும் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளின்படி, அப்படிப் பார்க்கும் மருத்துவர் தம் பதிவு எண்ணைக் காட்டியாக வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ‘ஆலோசகர்’ என்று கைபேசியில் பெயர் போட்டுக்கொள்வது இன்று மிகச் சுலபம். அவர்களில் தாயார் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு, “உங்களுக்குச் செய்வினை இருக்கிறது, ஐயாயிரம் அனுப்புங்கள்” என்று சொல்லும் ‘ஆன்லைன் ஹஜ்ரத்’மார்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அதிகம் எழுதி இதழின் இடத்தை வீணாக்க வேண்டாம், எண்ணை அழித்துவிடுங்கள்.

மாமியின் மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தொழுகையும் திக்ரும் போதாதா என்கிறார். இது ஈமானைத் தொட்டுக் கேட்ட கேள்வி. கேட்கப்பட்டவளின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும் கேள்வியும்கூட. துஆவின் பலனை நாம் குறைத்துப் பேசவில்லை. மனம் இடிந்தவருக்கு ஸஜ்தாவில் கிடைக்கும் ஆறுதல் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் முதல் வஹீ இறங்கிய இரவில் நடந்ததைப் பாருங்கள். ஹிரா குகையிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் நடுங்கியபடி வீட்டுக்கு வந்தார்கள், போர்த்துமாறு கேட்டார்கள். அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள் முதலில் போர்த்தினார்கள். ‘என்ன நடந்தது, ஏன் இப்படி?’ என்ற குடைச்சல் இல்லை. நடுக்கம் தீர்ந்தபின் நாயகமே வாய் திறந்து சொல்ல, முழுவதும் கேட்டார்கள். தமக்கு என்ன நேருமோ என்று நாயகம் அஞ்சியபோது, வெறும் தைரியம் சொல்லாமல், அவர்கள் உறவினரை ஆதரிப்பதையும், இயலாதவர் சுமையைச் சுமப்பதையும், விருந்தினரைப் பேணுவதையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இப்படிப்பட்டவரை அல்லாஹ் கைவிடமாட்டான் என்றார்கள். அத்தோடும் நிற்கவில்லை. தமக்குத் தெரியாத விஷயம் இது என்று உணர்ந்து, வேதம் கற்ற முதியவரான தம் உறவினர் வரகாவிடம் அழைத்துப் போனார்கள்.

போர்த்தியது, கேட்டது, அவரிடமுள்ள நன்மையை நினைவூட்டியது, அறிந்தவரிடம் அழைத்துப் போனது. இன்று கல்லூரிகளில் ஆலோசகர்களுக்குப் பயிற்றுவிக்கும் வரிசைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அழுதுகொண்டு வருகிறவரிடம் முதல் வாக்கியமே உபதேசமாக இருக்கிறது: ‘ஸபர் செய்.’ ஸபர் பெரிய நற்குணம்தான். ஆனால் சொல்ல வந்ததைக் கேட்காமலே அதைச் சொன்னால், ‘எழுந்து போ’ என்றுதான் கேட்கிறவர் காதில் விழும்.

துஆவை மருந்துக்கு எதிராக நிறுத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே ஆறாத வடு ஒன்று இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி அழைத்து வரப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் விடுதி தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மேலே சொன்ன 2017 சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாதென்று தடுத்திருக்கிறது. அதே ஏர்வாடியில் பின்னாளில் ‘தவா - துஆ’ என்று மருந்தையும் பிரார்த்தனையையும் ஒருசேர வைக்கும் ஏற்பாடு வந்தது. ஜியாரத்துக்கு வந்த நோயாளியை அங்கேயே மருத்துவரும் பார்க்கிறார். 28 பேர் இறந்த பின்னல்ல, அதற்கு முன்பே இது வந்திருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூஸைத் அல்பல்கீ (ரஹ்) உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். கவலையை அவர் இரு வகையாகப் பிரிக்கிறார்: காரணம் தெரிந்த கவலை, காரணம் தெரியாத கவலை. முன்னதற்குப் பேச்சாலும் சிந்தனையாலும் மருந்திடலாம். பின்னதற்கு உடலில் வேர் இருக்கும், உடலுக்கும் வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயிரம் வருடத்துக்கு முன் எழுதியது. இன்றைய மருத்துவரும் உறக்கமில்லை, அழுகை வருகிறது என்று போனால் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பார். தைராய்டு குறைந்தாலும் இரத்தச்சோகை இருந்தாலும் மனம் சோர்ந்துபோகும். கப்பலூர்ச் சகோதரி இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வார்த்தை, இடையில். மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ரமளான் வந்தால் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் வேளையை மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். லித்தியம் போன்ற சில மருந்துகள் உடலில் நீர் குறைந்தால் ஆபத்தாகும். நோயாளிக்கு இறைவனே தந்த சலுகை இருக்கையில் அதைப் பெற வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, போன் ஆலோசனை எதற்கும் உதவும் என்று சொல்லிவிடலாமா? முடியாது. இங்கேதான் படித்த பிள்ளைகளும் தவறுகிறார்கள். போனின் மறுமுனையில் இருப்பவர் ஒரு பக்கத்துக் கதையை மட்டுமே கேட்கிறார். மனைவி சொன்னதை வைத்துக் கணவனை எடைபோட முடியாது. கணவன் சொன்னதை வைத்து மனைவியையும் எடைபோட முடியாது. கணவன் மனைவிக்கிடையே பிளவு அஞ்சப்படும்போது திருமறையின் நான்காம் அத்தியாயம் 35-வது வசனம் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என்று இரண்டு நடுவர்களை ஏற்படுத்தச் சொல்கிறது. ஏன் இரண்டு? ஒருவர் போதாது என்பதால்தான். எனவே மனச்சுமைக்குப் போன் உதவும். தகராறைத் தீர்க்க இரண்டு பக்கமும் உட்கார வேண்டும். அந்த இரண்டாவது காரியத்தில் இன்றைக்கு ஒரு வசதி உண்டு: ரியாத்தில் இருக்கிறவரையும் காணொளி வழியாகப் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம், விடுமுறைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல குடும்ப ஆலோசகர்கள் இருவரையும் தனித்தனியே கேட்டுவிட்டு, பின்பு சேர்த்து வைத்துப் பேசுகிறார்கள்.

போன் வழியாகப் பேசினால் ஒட்டுமா என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு கேள்வி. ஒரே மூச்சில் மூன்று தலாக்கை வாட்ஸப்பில் தட்டிவிட்டவர்கள் நம்மிடையே இருந்தார்கள் அல்லவா? 2017 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், வாயால் சொன்னாலும் எழுதினாலும் மின்னணு வழியாக அனுப்பினாலும் செல்லாது, மூன்றாண்டு வரை சிறை என்றாக்கிற்று. பிரிப்பதற்குப் போன் போதுமாக இருந்ததே, சேர்ப்பதற்கு மட்டும் ஏன் ஆகாது?

ஆலோசகர் எவ்வளவு நல்லவராயினும் முடிவு அவருடையதல்ல. பரீரா (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலையானபோது, அடிமையாகவே இருந்த கணவர் முகீஸைப் பிரியும் உரிமை அவருக்குக் கிடைத்தது; பிரிந்தார். முகீஸ் மதீனத்துத் தெருக்களில் தாடி நனைய அழுதுகொண்டே பின்தொடர்ந்தார். நாயகம் (ஸல்) அவர்களே இரங்கி, நீ அவரிடம் திரும்பிச் செல்லலாமே என்றார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஊர் விலக்கு இல்லை, பழிச்சொல் இல்லை. அல்லாஹ்வின் தூதரே தம் ஆலோசனையைக் கட்டளையாக்கவில்லை. ஒரு முத்தவல்லியோ, மாமனாரோ, போனில் பேசும் ஆலோசகரோ அவர்களுக்கு மேற்பட்டவர்களா?

அடி உதை இருந்தால் அது வேறு விஷயம். அங்கே ‘மனக்கசப்பு’ என்று மென்மையாகப் பெயர் வைத்து ஆலோசனைக்கு உட்கார வைப்பது அநீதிக்குத் துணை போவதாகும். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 ஆகிய எண்கள் இருக்கின்றன. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லா மதப் பெண்களுக்கும் உண்டு. அதேபோல, உயிரோடிருந்து என்ன பயன் என்று ஒருவர் சொல்லக் கேட்டால் ‘அப்படியெல்லாம் பேசுவது ஹராம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைச் சுழற்றிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். ஹராம் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை வருகிறதென்றால் தாங்க முடியவில்லை என்றுதான் சொல்கிறார். சட்டமும் அப்படி முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளச் சொல்கிறது.

கப்பலூர்ச் சகோதரிக்குச் சில வார்த்தை. சகோதரி! போனில் பேசுவதற்கு வீட்டில் தனி இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் மாடியில் துணி காயப்போடும் நேரம் போதும். தாம்பத்திய அந்தரங்கத்தை, மருத்துவரே கேட்டாலன்றி, விவரிக்க வேண்டாம். அதற்கு மட்டும் மார்க்கத்தில் தனிக் கண்டிப்பு உண்டு. மற்ற கஷ்டங்களைச் சொல்லத் தடையில்லை. அந்த ஆலோசகரிடம் சொன்னதையே அக்காளிடம், தங்கையிடம், அண்டை வீட்டாரிடமும் சொல்லிக்கொண்டு போனால் அப்போது அது கீபத் பக்கம் சாய்ந்துவிடும். அதில் மாமி சொன்னது சரி.

கணவரோடு சண்டை வரும் நேரத்தையும் கவனியுங்கள். அங்கே அவர் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டுப் பத்து மணிக்கு அழைத்தால் இங்கே இரவு பன்னிரண்டரை. இரண்டு களைத்த மனிதர்கள் பணத்தைப் பற்றிப் பேசினால் சண்டை வராமல் என்ன செய்யும்? பணப்பேச்சுக்கு அவருடைய விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பிள்ளைகள் பேசட்டும். பாத்திமா நாயகி (ரலி) அவர்களுக்கும் அலீ (ரலி) அவர்களுக்குமே ஒருநாள் மனவருத்தம் வந்தது. அலீ அவர்கள் கோபித்துப் போய்ப் பள்ளிவாசலில் படுத்திருந்தார்கள். தந்தையான நாயகம் (ஸல்) அவர்கள் மகளிடம் என்ன சண்டை என்று தோண்டவில்லை. பள்ளிக்குப் போய், மருமகன் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மண்ணின் தந்தையே எழுந்திரும் என்று செல்லமாக எழுப்பினார்கள். அந்தப் பட்டப்பெயர்தான் அலீ அவர்களுக்குக் கடைசி வரை மிகவும் பிடித்த பெயராக இருந்தது. உங்கள் கணவரிடம் நீங்கள் சொல்லக்கூடிய அப்படி ஒரு வார்த்தை ஏதாவது பழைய நாட்களில் இருந்திருக்கும். தேடிப் பாருங்கள்.

உங்கள் மாமியைப் பற்றி நீங்கள் குறையாகவே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய மகன்தான் மூன்று வருடமாக வரவில்லை. நீங்கள் உறங்காத இரவுகளில் அவர் உறங்குகிறாரா என்று கடிதத்தில் இல்லை. ஒருநாள் சாயங்காலம், டீ கொடுக்கும்போது, அதைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்று சொன்னால் அடுத்த முறை அந்த எண்ணுக்குப் பேசும்போது போனை அவர் கையிலும் கொடுங்கள்.